குறட்டைக்குக் கத்தி வைக்கலாமா?

சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில், மதிய உணவுக்குப் பிறகு செயலாளர் ஆண்டறிக்கை வாசித்துக்கொண்டிருந்தபோது, நான்காவது வரிசையில் ஓர் அன்பர் கண்ணயர்ந்து குறட்டை விட ஆரம்பித்தார். அறிக்கை நின்றது. கூட்டம் சிரித்தது. அவரும் விழித்துக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். பிறகு காபி நேரத்தில் என்னைத் தனியே அழைத்து, "சார், லேசர் வைத்து ஒரே மணி நேரத்தில் குறட்டையை எடுத்துவிடுகிறார்களாமே, விளம்பரம் பார்த்தேன். செய்துகொள்ளலாமா? வீட்டில் என்னை ஹாலில் படுக்கச் சொல்லிவிட்டார்கள்" என்று கேட்டார். இந்த விஷயத்தில் நான் பட்டுத் தேறியவன் என்பது அஜ்னி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாருக்கும் தெரியும். காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் அல்ல, எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் அல்லன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து 1981ல் ரயில்வேயில் சேர்ந்து, 2019ல் ஓய்வு பெற்றவன். காற்றுக் குழாய், பிரேக் சிலிண்டர், கசிவு, அழுத்தம் இவைதான் என் படிப்பும் பிழைப்பும். குறட்டையும் ஒரு குழாயில் காற்று ஓடும் விவகாரம்தான் என்று தெரிந்த பிறகு டாக்டர்கள் சொல்வது எனக்கு ஓரளவு விளங்க ஆரம்பித்தது. விளங்கிய அளவில் எழுதுகிறேன். முடிவு எடுக்க வேண்டியது உங்களைப் பரிசோதிக்கும் டாக்டர்தான்.

கம்பிச் சுருள் இல்லாத குழாய்

நான் பணியில் சேர்ந்த காலத்தில் பெரும்பாலான வண்டிகளில் வாக்குவம் பிரேக்தான். எஞ்சின் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே மாட்டும் ரப்பர் ஹோஸின் சுவருக்குள் எஃகுக் கம்பிச் சுருள் ஒன்று பதித்திருப்பார்கள். புதிதாக வரும் அப்ரண்டிஸ் பையன்களிடம், "இந்தக் கம்பி எதற்கு?" என்று கேட்பது என் வழக்கம். ஹோஸ் வெடிக்காமல் இருப்பதற்கு என்பார்கள். இல்லை. உறிஞ்சும்போது ஹோஸ் சப்பிப்போய் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு. ஒட்டிக்கொண்டால் எஞ்சின் எவ்வளவு உறிஞ்சினாலும் பின்னால் உள்ள பெட்டிக்கு அது எட்டாது.

நம் உடம்பிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. மூக்கைச் சுற்றி எலும்பும் குருத்தெலும்பும் உண்டு. குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயில் 16 முதல் 20 வரை குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. நடுவே உள்ள தொண்டைக்கு மட்டும் இப்படி ஒரு கம்பிச் சுருள் கிடையாது. விழுங்கவும் பேசவும் அது நெளிந்து கொடுக்க வேண்டுமே! ஆகவே அங்கே தசைகள்தான் வழியைத் திறந்து வைக்கின்றன. பகலில் விறைப்பாக நிற்கும் அவை தூக்கத்தில் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதியும் பின்னால் சரிகிறது. வழி குறுகுகிறது. காற்று வேகமாகப் பாய, மேலண்ணத்தின் பின்பாதியில் உள்ள மெல்லிய சதையும் உள்நாக்கும் காற்றில் கொடி படபடப்பதுபோல் படபடக்கின்றன. அந்தச் சத்தம்தான் குறட்டை.

குழாய்க் கணக்கு தெரிந்தவர்களுக்கு ஒரு வரி: சீராக ஓடும் காற்றுக்குக் குழாயின் ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு. தொண்டையில் கொஞ்சம் கொழுப்பு சேர்வதும், டான்சில் கொஞ்சம் வீங்குவதும் ஏன் அவ்வளவு பெரிய வித்தியாசத்தைச் செய்கின்றன என்பது இதிலிருந்து புரியும். மதுவும் தூக்க மாத்திரையும் தசையை இன்னும் தளர்த்தும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் மட்டும் என்றால் அது பக்கத்தில் படுப்பவரின் தொல்லை. சிலருக்குத் தொண்டை முழுவதுமே ஒட்டிக்கொள்கிறது. நெஞ்சு ஏறி இறங்கும், ஆனால் காற்று போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை திடுக்கிட்டுத் தசைகளைத் தட்டி எழுப்பும். 'ஹக்' என்று ஒரு பெருமூச்சு, பிறகு மறுபடி குறட்டை. தூங்குகிறவருக்கு இது எதுவும் நினைவிருக்காது. டாக்டர்கள் இதை ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். 10 விநாடியாவது மூச்சு நின்றால்தான் அதை ஓர் அடைப்பாக எண்ணுவார்கள். முழு அடைப்பும் பாதி அடைப்பும் சேர்த்து மணிக்கு 5 முதல் 15 வரை வந்தால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. இரத்த அழுத்தமும் இருதயக் கோளாறும் இதோடு கைகோத்து வருகின்றன. பகல் தூக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம் மொழியில் 'குறட்டை விட்டுத் தூங்குகிறான்' என்றால் கவலையில்லாமல் தூங்குகிறான் என்று பொருள். இந்த நோயைப் பல வருடம் மறைத்து வைப்பதே இந்தப் பேச்சுவழக்குதான் என்பது என் எண்ணம்.

என் மூக்கும் நண்பரின் அண்ணமும்

என் குறட்டை, நாக்பூர் மே மாதத்தில் ஓடும் கூலரின் இரைச்சலையும் மீறிக் கேட்கும் தரத்தைச் சேர்ந்தது. 2008ல் ஒரு தனியார் மருத்துவமனையில் மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கிறது, நேராக்கிவிட்டால் குறட்டை நின்றுவிடும் என்றார்கள். செய்துகொண்டேன். மூன்று நாள் மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டதுதான் அதில் பெரிய கஷ்டம். அதன்பின் மூக்கு வழியாகக் காற்று அருமையாகப் போயிற்று. குறட்டை மட்டும் அப்படியே இருந்தது. முதல் பெட்டியில் ஹோஸை மாற்றிவிட்டு, ஐந்தாவது பெட்டியில் உள்ள அடைப்பு சரியாகும் என்று நானும் நம்பினேன். ஒரு மெக்கானிக்குக்கு இது வெட்கக்கேடு.

2019ல், ஓய்வு பெற்ற கையோடு, ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போனோம். எதிர் பெர்த்தில் ஒரு நடுவயது அம்மாள். நடு இரவில் என் மனைவியை எழுப்பி, "அண்ணி, உங்க வீட்டுக்காரர் குறட்டை விடறது பரவாயில்லை. நடுவிலே நிறுத்திடறாரே, அப்போதான் எனக்கு பயமா இருக்கு. நான் எண்ணிப் பார்த்தேன், இருபது எண்ணற வரைக்கும் மூச்சே இல்லை" என்றாராம். அவர் ஒரு நர்ஸ். ஊரிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாகத் தூக்கப் பரிசோதனைக்குப் போனேன். தலையிலும் நெஞ்சிலும் ஒயர், மூக்கடியில் ஒரு சின்னக் குழாய், விரலில் கிளிப், வயிற்றில் பெல்ட். காலையில் கணக்கு வந்தது: மணிக்கு 38. அதாவது சுமார் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை.

என்னைவிட மோசமாக மாட்டிக்கொண்டவர் என் பணிக்கால நண்பர் ஒருவர். பெயர் வேண்டாம். பரிசோதனை எதுவும் இல்லாமலே ஒரு மருத்துவமனையில் அவருக்கு அண்ணத்தைக் குறைக்கும் ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு வாரம் எச்சில் விழுங்க முடியாமல் தவித்தார். ஆனால் சத்தம் நின்றது. அவர் மனைவிக்கு ஆனந்தம், அண்டை வீட்டாருக்கு ஆனந்தம். ஓராண்டு கழித்து ஒரு காலை நேரத்தில், நேரான சாலையில், எதிரில் வண்டி எதுவும் இல்லாதபோது ஸ்கூட்டரோடு ஓரக் கல்லில் மோதி விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். எப்படி நடந்தது என்று அவருக்கே தெரியவில்லை. தூங்கியிருக்கிறார். அப்போதுதான் பரிசோதனை செய்தார்கள். மணிக்கு 31 அடைப்பு. படபடக்கும் சதையை வெட்டியதால் ஓசை போயிற்று. நாக்கின் அடியில் ஒட்டிக்கொள்ளும் இடம் அப்படியே இருந்தது. முன்பாவது சத்தம் எச்சரித்துக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லாமல் அடைப்பு மௌனமாக நடந்துகொண்டிருந்தது.

ரயில்வேக்காரனாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2013 டிசம்பர் 1 அன்று அதிகாலை நேர வண்டியொன்று நியூயார்க்கில் ஸ்பைட்டன் டைவில் என்ற வளைவில் தடம் புரண்டு 4 பேர் இறந்தார்கள். மணிக்கு 48 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்ட இடத்தில் 132 கிலோமீட்டரில் வந்திருக்கிறது. பிரேக்கில் பழுது இல்லை. ஓட்டுநருக்குக் கடுமையான ஸ்லீப் ஆப்னியா இருந்ததும், அது அதுவரை யாராலும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதும் விசாரணையில் தெரிந்தது. நம் குடும்பங்களில் லாரி, பஸ், எஞ்சின் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குறட்டை பற்றிச் சிரிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த ஆபரேஷன் எந்த இடத்துக்கு

இனி அன்பர் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். குறட்டை ஆபரேஷன் என்று ஒன்று கிடையாது. அடைப்பு எந்த இடத்தில் என்பதைப் பொறுத்துப் பல உண்டு.

எல்லாவற்றிலும் பழையது, கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது. அடைப்பு இருக்கும் இடத்தையே சுற்றிக்கொண்டு போகும் பைபாஸ் லைன் இது. 1960களின் இறுதியில் கடுமையான நோயாளிகளுக்கு இதைத்தான் செய்தார்கள். நிச்சயமாக வேலை செய்யும். ஆனால் கழுத்தில் துளையோடு யார் வாழ விரும்புவார்கள்? இன்று வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும்.

அடுத்தது, என் நண்பருக்குச் செய்ததன் மூல வடிவம். 1964ல் ஜப்பானில் இகெமாட்சு என்ற டாக்டர் குறட்டைக்காக அண்ணத்தின் தொங்கும் சதையைக் குறைக்கும் ஆபரேஷனை எழுதிவைத்தார். 1981ல் அமெரிக்காவில் ஃபுஜிடா என்பவர் அதையே மாற்றியமைத்து மூச்சடைப்புக்குப் பயன்படுத்தினார். டான்சிலை எடுத்து, உள்நாக்கையும் அண்ணத்தின் ஓரத்தையும் வெட்டித் தைப்பார்கள். பெயர் நீளமாக இருப்பதால் யு.பி.பி.பி. என்று சுருக்கிச் சொல்லுகிறார்கள். முழு மயக்கம், சில நாள் மருத்துவமனை, இரண்டு வாரம் கடும் தொண்டை வலி. இரத்தக் கசிவு ஏற்படலாம். சதையை அளவுக்கு மீறி வெட்டிவிட்டால் குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியாக வரும், குரலும் மாறலாம். தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பது போன்ற உணர்வு சிலருக்கு நிரந்தரமாக நின்றுவிடுகிறது.

பலன் எப்படி? 1996ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூச்சடைப்பு உள்ளவர்களில் சுமார் 40 சதவீதத்தினருக்கே இது உதவியிருப்பதாகத் தெரிந்தது. ஆனால் இந்த 40 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஓடிவிட வேண்டாம். 2002ல் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்க டாக்டர் நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்தார். வாயைத் திறந்தால் தொண்டையின் உட்புறம் நன்றாகத் தெரிகிறவர், டான்சில் பெரிதாக உள்ளவர், அளவுக்கு மீறிய பருமன் இல்லாதவர் முதல் வகை. இவர்களில் 100க்கு 80 பேருக்குப் பலன் கிடைத்தது. நாக்கு மேலெழும்பி வழியை மறைக்க, டான்சில் சிறிதாக இருந்தவர்களில் 100க்கு 10 பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. ஒரே ஆபரேஷன்தான். ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் வித்தியாசம். என் நண்பரின் வாயை யாராவது ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்து, இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலே போதும்.

இப்போது பல சர்ஜன்கள் வெட்டி எறிவதைக் குறைத்து, தொண்டையின் பக்கச் சுவர்த் தசையைத் திருப்பி, இழுத்து, உயர்த்தித் தைக்கிறார்கள். 2007லிருந்து இந்த முறைகள் வளர்ந்துவருகின்றன. முள் வைத்த நூலால் இழுத்துக் கட்டும் முறையும் உண்டு. வழியை அகலப்படுத்தும் நோக்கம் அதேதான். சதையை இழப்பது குறைவு என்பதால் தண்ணீர் மூக்கில் ஏறும் தொல்லையும் குறைவு.

விளம்பரத்தில் வரும் லேசருக்கு வருவோம். 1980களின் கடைசியில் ஃபிரான்சில் கமாமி என்ற டாக்டர் தொடங்கிவைத்தது. நாற்காலியில் உட்காரவைத்து, தொண்டையை மரத்துப்போகச் செய்து, உள்நாக்கையும் அண்ணத்தின் ஓரத்தையும் லேசரால் சுருக்குவார்கள். அன்றே வீட்டுக்குப் போகலாம் என்பது உண்மை. வலி இல்லை என்பது உண்மை அல்ல. ஒரே தடவையில் முடிந்துவிடும் என்பதும் எப்போதும் உண்மை அல்ல. சத்தம் குறையலாம். சில ஆண்டுகளில் திரும்பியும் வரலாம். புண் ஆறித் தழும்பு சுருங்கும்போது வழி இன்னும் குறுகிப்போனவர்களும் உண்டு. மூச்சடைப்பு நோய்க்கு இது வழக்கமான சிகிச்சை அல்ல என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பே சொல்லியிருக்கிறது. ஆகவே அன்பருக்கு என் நேரடியான பதில்: பரிசோதனை செய்து மூச்சடைப்பு இல்லை, வெறும் சத்தம்தான், அதுவும் அண்ணத்திலிருந்துதான் என்று உறுதியானால் பேசிப் பாருங்கள். அதற்கு முன் வேண்டாம்.

இதே வரிசையில் லேசானவை இரண்டு. ரேடியோ அலையால் அண்ணத்தின் உள்ளே சூடுவைத்துச் சதையை விறைக்கச் செய்வது ஒன்று. அமெரிக்காவில் 1997ல் குறட்டைக்காக அனுமதி பெற்றது. வலி குறைவு. இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவரும், பலன் தேயவும் கூடும். மற்றொன்று, அண்ணத்தில் பாலியெஸ்டர் குச்சிகள் மூன்றைச் செருகுவது. 2003ல் வந்தது. ஹோஸுக்குக் கம்பிச் சுருள் வைக்கிற அதே யோசனை என்று படித்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் பலன் சுமாரானதுதான், குச்சி சில சமயம் வெளியே துருத்திக்கொண்டும் வந்துவிடுகிறது. இவை இரண்டும் ஒல்லியான, மூச்சடைப்பு இல்லாத அல்லது மிக லேசாக உள்ளவர்களுக்கு.

அடைப்பு நாக்கின் அடியில் என்றால் வேலை கடினம். நாக்கின் அடிச்சதையை ரேடியோ அலையாலோ, ரோபோ கருவியின் துணையோடோ குறைக்கிறார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபரேஷன், மேல்தாடை கீழ்த்தாடை இரண்டையும் அறுத்து, சுமார் ஒரு சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தி, தகடும் திருகும் போட்டு முடுக்குவது. தண்டவாளத்துக்கு ஃபிஷ்பிளேட் போடுவதேதான்! தாடை முன்னால் வந்தால் அதோடு இணைந்த நாக்கும் அண்ணமும் முன்னால் வந்து தொண்டை அகலமாகிறது. 1980களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வளர்ந்த முறை. பலன் 100க்கு 85 பேர் அளவுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் முகத்தோற்றம் சற்று மாறும், உதடும் மோவாயும் நெடுநாள் மரத்திருக்கும், சில வாரம் கஞ்சிதான். தாடை உள்ளடங்கிப் பிறந்தவர்களுக்கு மிகவும் பொருத்தம்.

மிகப் புதியது, மார்புத் தோலுக்கு அடியில் ஒரு சிறு மின்கருவியைப் பதித்து, மூச்சு இழுக்கும்போதெல்லாம் நாக்கின் நரம்புக்கு மெல்லிய தூண்டுதல் கொடுப்பது. நாக்கு முன்னால் நகர்ந்து வழிவிடும். அமெரிக்காவில் 2014ல் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு வெளியான ஆய்வில் 126 பேருக்குப் பொருத்தி, ஓராண்டில் அவர்களின் மணிக்கணக்கு 29லிருந்து 9க்கு இறங்கியிருந்தது. செலவு நம் போன்ற பென்ஷன்காரர்கள் விசாரிக்கவே தயங்கும் அளவு.

மூக்கு ஆபரேஷனைப் பற்றி மேலே குறைசொல்லிவிட்டேன். நியாயமாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். அது தனியாக மூச்சடைப்பைத் தீர்ப்பது அபூர்வம். ஆனால் மூக்கு திறந்திருந்தால்தான் பின்னால் சொல்லப்போகும் காற்று இயந்திரத்தைப் பொறுத்துக்கொள்ள முடியும். 2008ல் செலவழித்த பணம் 2019ல்தான் எனக்குப் பயன்பட்டது.

எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பகலில் வாயைத் திறந்து பார்ப்பது, நின்றுகொண்டிருக்கிற வண்டியைப் பார்ப்பது போன்றது. ஓடும்போது வரும் பழுது அதில் தெரியாது. 1991ல் லண்டனில் கிராஃப்ட், பிரிங்கிள் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். ஆபரேஷன் தியேட்டரில் மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, குறட்டை ஆரம்பித்ததும் மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்திப் பார்ப்பது. எந்த இடம் மூடுகிறது என்று கண்ணாலேயே தெரியும். ஆபரேஷன் செய்யப்போகும் சர்ஜன் இதைச் செய்வாரா என்று கேளுங்கள்.

குழந்தைகள்

பெரியவர்களுக்குக் கத்தி கடைசி என்றால், குழந்தைகளுக்குப் பல சமயம் அதுவே முதல். அவர்களுக்கு அடைப்பு பெரும்பாலும் டான்சிலும், மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டும் வீங்குவதால் வருகிறது. எங்கள் தெருவில் ஆறு வயதுப் பையன் ஒருவன், வாயைத் திறந்துகொண்டு தலையைப் பின்னால் வளைத்துத் தூங்குவான். படுக்கையை நனைப்பான், வகுப்பில் ஓரிடத்தில் உட்காரமாட்டான். பள்ளியில் இந்தி புரியாததால் அடங்க மாட்டேன் என்கிறான் என்று பெற்றோர் நினைத்தார்கள். இரண்டையும் எடுத்த மூன்று மாதத்தில் பையன் ஆளே மாறிவிட்டான். 2013ல் அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரை உள்ள 464 குழந்தைகளை ஏழு மாதம் கவனித்த ஆய்வில், ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்குப் பரிசோதனை சரியாயிற்று. செய்யாமல் காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குத் தானாகச் சரியாயிற்று. ஆகவே லேசாக உள்ள குழந்தைக்கு, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னால் அவர் அசட்டையாக இருக்கிறார் என்று எண்ண வேண்டாம்.

கத்திக்கு முன்

பெரியவர்களுக்கு முதல் சிகிச்சை காற்று இயந்திரம். சி-பாப் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன் 1981ல் இதை வெளியிட்டார். நான் பணியில் சேர்ந்த அதே ஆண்டு! அவருடைய ஆரம்ப இயந்திரங்களில் இருந்தது வாக்குவம் கிளீனர் மோட்டார். உறிஞ்சுவதற்கு இருந்ததை ஊதுவதற்குத் திருப்பிவிட்டார். மூக்கில் மாட்டிய மூடி வழியாகக் காற்று சற்று அழுத்தத்தோடு போய், தொண்டையை உள்ளிருந்தே விரித்து வைக்கும். அழுத்தம் எவ்வளவு தெரியுமா? எனக்கு வைத்திருப்பது 10 சென்டிமீட்டர் நீர்மட்டம். நம் ஏர் பிரேக் குழாயில் இருப்பதில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. அவ்வளவே போதும். முதல் பதினைந்து நாள் யானைத் தும்பிக்கை மாட்டிய பிள்ளையார்போல் இருக்கிறது என்று பேத்தி சிரித்தாள், எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் பகல் தூக்கம் போயிற்று. ஆறு வருடமாகப் போட்டுக்கொள்கிறேன். கழற்றினால் குறட்டை திரும்பிவிடும். இது குணம் அல்ல, கட்டுப்பாடு.

லேசானவர்களுக்கு, கீழ்த்தாடையை முன்னால் பிடித்து வைக்கும் பல் கவசத்தைப் பல் டாக்டர் அளவெடுத்துச் செய்து தருவார். மல்லாந்து படுத்தால் மட்டும் வருகிற குறட்டைக்குப் பனியனின் முதுகுப்புறத்தில் பை தைத்து டென்னிஸ் பந்து வைப்பது பழைய வழி, சிலருக்குப் பலிக்கிறது. எடை, எல்லாருக்கும் பொருந்தும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் பல ஆண்டு கவனித்ததில், எடை 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு அடைப்புக் கணக்கு சுமார் 26 சதவீதம் இறங்கியது. 10 சதவீதம் ஏறியவர்களுக்கு 32 சதவீதம் ஏறியது. பருமனோடு மூச்சடைப்பும் உள்ளவர்களுக்கு எடை குறைக்கும் ஊசி மருந்தான டிர்செபடைடுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. தூங்குகிறவருக்குத் தன் நோய் தெரியாது. சாட்சி நீங்கள்தான். செல்போனில் பத்து நிமிடம் பதிவு செய்துகொண்டு கூடவே போங்கள். இங்கே டாக்டரிடம் 'கர்ராட்டே' என்று மட்டும் சொன்னால், மூக்குச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார். 'நீந்த் மே ஸான்ஸ் ருக் ஜாதீ ஹை' என்று சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று பொருள். 'ன்' ஒலிக்கட்டும். என் மனைவி பதற்றத்தில் 'ஸாஸ்' என்று சொல்லி, தூக்கத்தில் மாமியார் நின்றுவிடுகிறார் என்று பொருளாகி, டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இன்னொன்று. மூச்சடைப்பு இருப்பது தெரிந்தவர்கள், குடலிறக்கமோ முழங்காலோ எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க டாக்டரிடம் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மயக்க மருந்தும் பலமான வலி மருந்தும் தொண்டையை இன்னும் தளர்த்திவிடும். இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதையும் மருத்துவமனைக்கு எடுத்துப்போங்கள்.

ஊருக்குப் போகும்போது என்ன செய்கிறேன் என்று சிலர் கேட்கிறார்கள். பெர்த் பக்கத்தில் உள்ள சாக்கெட் செல்போனுக்கு மட்டும்தான், அதிலும் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை மின்சாரத்தை நிறுத்திவைப்பது உண்டு. அதை நம்பி இயந்திரத்தைச் செருக வேண்டாம். நான் தனி பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன், ஓர் இரவுக்குத் தாங்கும். கூட்டத்தில் கேட்ட அன்பர் மெஷினை ஒருமுறை மாட்டிப் பார்க்க விரும்பினால், புது மூடி ஒன்று வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வரலாம்.